அப்பாவின் தாடைத் தழும்பும் நான் பிடித்த ரேசரும்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பளிச்சென்று மழித்த முகம். இடது தாடையில், காதுக்கும் மோவாய்க்கும் நடுவே, சாய்வாக ஒரு சிறு தழும்பு தெரியும். அச்சகத்தில் பக்கம் வடிவமைத்த இளைஞர், "மேடம், இந்தக் கோடு ஏதோ கீறல் விழுந்த மாதிரி இருக்கு, எடுத்துரவா?" என்று கேட்டார். பதறிப்போய் அவர் கையையே பிடித்துவிட்டேன். தழும்புக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளியும் இருந்தது. வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தழும்பு நாங்கள் பிறப்பதற்கு முன்பே இருந்தது. புள்ளி நான் வைத்தது.

அப்பா எங்களைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிற இந்த நாளில், அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரும்படி தம்பி கேட்டான். பிறந்த ஊர், படிப்பு, பணி, பிள்ளைகள் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் எழுத்து அப்பாவின் முகத்தில் வந்து நின்றுவிடுகிறது. கடைசி இரண்டு ஆண்டுகள் அந்த முகத்தை மழித்துவிட்டவள் நான்தான். அந்த நாட்களில் நான் பட்ட பயத்தைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா சேவுகம்பட்டிப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். கிணறு வற்றிய வருடங்களில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பைத் திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி முடித்தார். பிறகு உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் அறையில் இருந்த நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ரேசர், ஒரே பிளேடு. கை நிதானமான ஒரு நண்பர்தான் மற்ற மூவருக்கும் மழித்துவிடுவாராம். பிளேடு மழுங்கினால் கண்ணாடித் தம்ளருக்குள் விட்டு, விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்ப்பார்களாம். மறுபடி கூர் வந்துவிடுமாம். யாருக்காவது ஏதாவது நோய் வந்திருந்தால் என்று கேட்பேன். வரவில்லையே என்பார் அப்பா. பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றார். முதல் சம்பளத்தில் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் ஒரு எவர்சில்வர் ரேசர். கைப்பிடியைத் திருகினால் தலைப்பகுதி இரண்டு கதவுகள் போலத் திறக்கும். உள்ளே பிளேடை வைத்துத் திரும்பத் திருகினால் மூடிக்கொள்ளும். பழைய பிளேடுகளை அம்மா தையல் பிரிக்க எடுத்துக்கொள்வார். நானும் தம்பியும் பாதியாக உடைத்துப் பென்சில் சீவுவோம். கொல்லைக் குழாயடியில் ஆணியில் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் அப்பா நுரை பூசி நின்றால், எங்களுக்கு அது அனுமதி வாங்கும் நேரம். கன்னத்தில் கத்தி ஓடும்போது வாயைத் திறக்க முடியாது அல்லவா? சுற்றுலா போகட்டுமா, சினிமாவுக்குப் போகட்டுமா என்று அப்போதுதான் கேட்போம். "ம்" என்று ஒரு சத்தம் வரும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓடிவிடுவோம்.

பிற்பாடு தம்பி ஓசூரில் வேலைக்குப் போய், மூன்று பிளேடு வைத்த ரேசர் ஒன்றை வாங்கி வந்தான். அவன் வீட்டில் இருக்கும் நாட்களில் அப்பா அதை மிகுந்த மரியாதையோடு பயன்படுத்துவார். அவன் பஸ் ஏறியதும் அது அலமாரிக்குப் போய்விடும். எவர்சில்வர் ரேசர் வெளியே வரும்.

அப்பாவின் கண்டிப்பைப் பற்றி அவருடைய மாணவர்கள் நிறையச் சொல்வார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான். நத்தம் பக்கத்தில் நன்றாக ஓடக்கூடிய ஒரு பெண்ணை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப வீட்டார் மறுத்தபோது, அப்பா ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வற்புறுத்தவில்லை, சத்தம் போடவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் தகப்பனாரே மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அந்தப் பெண் இன்று உடற்கல்வி ஆசிரியை. சித்தப்பாக்கள் இருவரையும் படிக்க வைத்ததும் அத்தையின் திருமணத்தை நடத்தியதும் இதே பொறுமையால்தான்.

சவரம் செய்யாத அப்பாவை ஊர் பார்ப்பது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் மட்டும். அது தொடங்கும் சாம்பல் புதனன்று ரேசரைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிடுவார். புனித சனியன்று, ஈஸ்டரை வரவேற்கும் பாஸ்கா இரவுத் திருப்பலிக்குப் போகும் முன்தான் மறுபடி எடுப்பார். அந்த நாட்களில் கஞ்சிதான் சாப்பாடு. இது நான் பிறந்ததிலிருந்து பார்த்து வந்த வழக்கம். அதனால்தான் அந்த வருடம் நாங்கள் அத்தனை பேரும் ஏமாந்தோம்.

அந்த வருடம் சாம்பல் புதனுக்குச் சில நாட்கள் முன்பே அப்பாவின் முகத்தில் முடி தெரிந்தது. முன்கூட்டியே தொடங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தோம். வழக்கமாகத் தவக்காலத்திலும் கழுத்தையும் மீசை ஓரத்தையும் கத்தரியால் ஒதுக்கிக்கொள்வார். இந்த முறை அதுவும் இல்லை. கோவிலில், வாத்தியார் இந்த வருடம் கடுமையான ஒறுத்தல் விரதத்தில் இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது. கஞ்சியைக் கரண்டியால் குடித்ததால் சோற்றைப் பிசைய வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. புனித சனியன்று காலை, கொல்லையில் எவர்சில்வர் ரேசர் சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. சற்று நேரத்தில் இன்னொரு முறை. அம்மா போய்ப் பார்த்தபோது அப்பா இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ரேசரைப் பிடிக்க வைத்துக்கொண்டிருந்தாராம். சாம்பல் புதனுக்கு முன்பே விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. பாஸ்காவுக்குள் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்.

மருத்துவமனையில் பார்த்தார்கள். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் சிறிய அடைப்பு, வலது கையோடு காலும் வலுவிழந்திருக்கிறது என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். பிழைத்துவிட்டார், பயப்பட வேண்டாம் என்றார் மருத்துவர். அடுத்த மூச்சிலேயே, இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சிறிய வெட்டுப்பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது, கீழே விழக்கூடாது, பிளேடு பக்கமே போக வேண்டாம் என்றும் சொன்னார். முதலில் சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

அப்பா தாடியோடு வீட்டுக்கு வந்தார். தினமும் தெருவில் நடந்தால்தான் கையும் காலும் பழைய நிலைக்கு வரும் என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். அப்பா வாசற்படியைத் தாண்டவில்லை. யாராவது பார்க்க வந்தால் உள்ளறையில் படுத்துக்கொண்டு தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். ஞாயிறு திருப்பலிக்கும் போகவில்லை. காரணம் கேட்டபோது, "ஈஸ்டர் முடிஞ்சும் தாடியோட திரிஞ்சா, ஆண்டவர் உயிர்த்தது இவனுக்கு மட்டும் தெரியாது போலன்னு சிரிப்பாங்க" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தாடி இருக்கும்வரை அவர் எழுந்து நடக்கப்போவதில்லை என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. நடக்காவிட்டால் படுக்கையோடு போய்விடுவார். மழிக்கப்போய் வெட்டுப்பட்டால் என்ன ஆகுமோ என்று எனக்கு இந்தப் பக்கம் பயம்.

தெருமுனை சலூன் பாண்டி அண்ணன் பெட்டியோடு வந்தார். மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் எடுத்த கத்தியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. சாருக்குக் காலத்துக்கும் தலைமுடி வெட்டிவிடுறேன். கத்திய மட்டும் அவர் கழுத்துல வைக்கச் சொல்லாதீங்க, எனக்குக் கை ஓடாது" என்றார். தம்பி ட்ரிம்மர் வாங்கி அனுப்பினான். அது பாதி முடியை விட்டுவிட்டுப் போனது. அப்பா தாடையைத் தடவிப் பார்த்து, அறுத்த வயலில் கால் வைத்தது போல இருக்கிறது என்றார். அடுத்து வந்த மின்சார ஷேவர், தொளதொளத்த கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துச் சிவக்க வைத்தது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. மிச்சம் இருந்தவள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நான்தான்.

"நீ போட்டு விடு பாப்பா" என்றார் அப்பா.

எனக்கு வராது என்றேன். கறிக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவள் நான்; அது அவருக்கும் தெரியும்.

"எனக்கும்தான் வராம இருந்துச்சு" என்றார்.

மருத்துவரிடம் மறுபடி போய்க் கெஞ்சினோம். அவர் யோசித்துவிட்டு, ஒற்றை பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேசராகப் பார்த்து, நல்ல வெளிச்சத்தில், முடி வளர்ந்த வாக்கிலேயே மழிக்கச் சொன்னார். வெட்டுப்பட்டால் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்துப் பார்த்தால் உறைந்ததும் கலைந்துபோகும். நிற்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பழகுவதற்கு ஒரு முகம் வேண்டும். என் கணவர் தாமாக முன்வந்தார் என்று எழுதினால் அவர் மறுப்பார். சாப்பாட்டு நாற்காலியில் கண்ணை இறுக மூடி, செபமாலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் அவர் காதுமடலில் கீறல், மோவாயில் இரண்டு வெட்டு. வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். ஆமாம், கல்யாணம் ஆனதிலிருந்து என்று பதில் சொன்னாராம். அவருக்கு ரத்தம் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும், அப்பாவுக்கு இப்படி நிற்காதே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவை முன்வாசலில் வெயில் படும்படி உட்கார வைத்தோம். அம்மா அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தம் செய்வதுபோல் பஞ்சு, படிகாரக் கல், எவர்சில்வர் கிண்ணத்தில் ஐஸ் கட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். தெரிந்த ஆட்டோக்காரரை எங்கும் சவாரி போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தோம். தம்பி வீடியோ காலில் வந்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மா போனை அணைத்துவிட்டார்.

வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு எடுத்தேன். நுரை பூசினேன். வலது கன்னம் முடிந்தது, மேலுதடும் முடிந்தது. வலிக்கிறதா என்று கேட்டால், அந்தப் பழைய "ம்" வந்தது. ஆம் என்றா, இல்லை என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது. இடது தாடைக்கு வந்தேன். தழும்பு இருந்த இடத்தில் தோல் சுருங்கி மேடாக இருந்ததை நுரை மறைத்திருந்தது. ரேசர் தட்டியது. வெள்ளை நுரையில் சிவப்பு வந்தது.

பஞ்சை வைத்து அழுத்தினேன். பஞ்சு நனைந்தது. அதன் மேலேயே இன்னொரு பஞ்சை வைத்தேன். அம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். என்னைப் பெற்றவரை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லி வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"கை ஏன் இப்படி நடுங்குது? இன்டர்வியூவுக்கா போற?"

எனக்கு விளங்கவில்லை. அப்பா ஆடாமல் அசையாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். அந்தத் தழும்பு கபடி ஆடியபோது பட்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார். கபடியும் இல்லை, ஒன்றும் இல்லை. பள்ளியில் வேலைக்கு நேர்காணல் இருந்த அன்று காலை, விடுதி அறையில் அவர் மட்டும் இருந்திருக்கிறார். மழித்துவிடும் நண்பர் ரேசரோடு ஊருக்குப் போய்விட்டார். பழைய பிளேடு ஒன்று கிடந்தது. அதை வெறும் விரலால் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே மழிக்க முயன்றிருக்கிறார். தாடை கிழிந்துவிட்டது. காபித்தூளை அப்பி, மேலே செய்தித்தாள் துண்டை ஒட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறார்.

"சாமியார்தான் தலைமையாசிரியர். மூஞ்சியப் பாத்துட்டு, 'சண்டையா?'ன்னாரு. 'இல்லங்க ஃபாதர், சவரம்'னேன். சிரிச்சுட்டாரு. அவர் சிரிக்கிற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. சண்டைக்காரன்னு நெனச்சுப் பிள்ளைகள எங்கிட்ட விடமாட்டாங்களோன்னு அம்புட்டுப் பயம்."

அப்பா பயந்தார் என்பதை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். விசிலை ஒரு முறை ஊதினால் மைதானமே நின்றுவிடும் அந்த மனிதர், தாளை ஒட்டிக்கொண்டு நடுங்கி நின்றிருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தேன். என் நடுக்கம் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விரல் பஞ்சை விட்டு அகலவில்லை. கதை முடிந்து வெகுநேரம் கழித்து எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது.

மறுநாள் அப்பா என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தார். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி நலம் விசாரித்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்துக்குக் கீழே நிற்க வைத்து என் கணவர் எடுத்த படம்தான் அட்டையில் இருப்பது.

அதன் பிறகு புதனும் சனியும் எனக்குச் சவர நாட்கள். செவ்வாயும் வெள்ளியும் பயப்படும் நாட்கள். ரத்தப் பரிசோதனையில் ரத்தம் ரொம்ப நீர்த்திருக்கிறது என்று வந்தால் அந்த வாரம் ரேசரை எடுக்க மாட்டேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்ச காலம் கழித்து பிளாஸ்டிக் ரேசரை வைத்துவிட்டுத் தன்னுடைய எவர்சில்வர் ரேசரை எடுக்கச் சொன்னார். அதில் கனம் இருக்கிறது, நீ அழுத்த வேண்டாம், அதுவே போகும் என்றார். அவர் சொன்னது சரி. அப்படியும் சில நாள் கீறல் விழுந்தது. நான் அழுத்திப் பிடிப்பேன். அப்பா ஏதாவது கதை சொல்வார். அப்பாவின் இளமைக்காலம் முழுவதும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் தெருமுனை வரை தனியாக நடந்தார், கையால் பிசைந்து சாப்பிட்டார். ரேசரை மட்டும் என்னிடமிருந்து திரும்பக் கேட்கவில்லை.

போன வருடம் காய்ச்சலில் தொடங்கி நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. மருத்துவமனையில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். அதன் ஓரங்களில் வெள்ளை முடி வளர்ந்துகொண்டே வந்தது. நான் உள்ளே போகும்போதெல்லாம் அப்பா விரலால் தாடையைத் தொட்டுக் காட்டுவார். வீட்டுக்குப் போனதும் போட்டுவிடுகிறேன்ப்பா என்பேன். மாஸ்குக்குள்ளிருந்து "ம்" என்று கேட்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடியற்காலையில் தூக்கத்திலேயே இறைவனிடம் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவைக் கடைசி வரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எண்ணெய் பூசிச் செபித்து அவஸ்தைபூசுதல் கொடுத்த பங்குத் தந்தைக்கும், வீட்டில் வந்து செபமாலை சொன்ன, எங்கள் பங்கின் அன்பியக் குழுக் குடும்பங்களுக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த மாணவர்களுக்கும், தன் முகத்தைக் கொடுத்து உதவிய என் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா இறந்த அன்று கூப்பிடாமலேயே சவரப் பெட்டியோடு வந்து நின்ற பாண்டி அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "இன்னைக்கு நான் செய்யுறேன்மா, இனி பயமில்ல" என்றார். நானே செய்கிறேன் என்றேன். வெந்நீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போனதும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பி தலையைத் தாங்கிக்கொண்டான். துண்டை நனைத்து முகத்தில் வைத்தேன், நுரை பூசினேன், எவர்சில்வர் ரேசரை எடுத்தேன். வலது கன்னம், மேலுதடு, கழுத்து. கண்ணீர் மறைத்ததில் இடது தாடைத் தழும்பில் மறுபடியும் தட்டிவிட்டது. தோலில் ஒரு கோடு விழுந்தது. காத்திருந்தேன். அது சிவக்கவில்லை.

என் கை நின்றதை வைத்தே அம்மா புரிந்துகொண்டார். புரை விழுந்த கண்ணோடு கையால் தடவித் தடவிப் பஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வெட்டுப்பட்டுச்சா? கொஞ்ச நேரம் அழுத்திப் பிடி தாயி. நின்னுரும்."

அழுத்திப் பிடித்தேன். எடுத்துப் பார்க்கவில்லை.